பனிக்கட்டியில் வந்த மீன்: இந்திய மலையாறுகளில் டிரவுட் குடியேறிய வரலாறு

கோடை விடுமுறை வந்ததும் குலு, மணாலி, காஷ்மீர் என்று கிளம்புகிற வடநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள், அங்குள்ள ஓட்டல்களின் உணவுப் பட்டியலில் 'டிரவுட்' என்ற மீனின் பெயரைக் கட்டாயம் பார்த்திருக்கும். சொந்த ஊருக்குப் போகிற சாக்கில் ஊட்டிக்கு ஏறுகிறவர்களும், அவலாஞ்சிப் பக்கம் போனால் அதே பெயரைக் கேட்பார்கள். இமயத்தில் இருக்கிறது, நீலகிரியிலும் இருக்கிறது. நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிற சமவெளியில் ஓர் ஆற்றிலும் இல்லை. அந்தச் சூடு இந்த மீனுக்கு ஆகாது. "அப்போ எப்படிப்பா அங்கேயும் இருக்கு, இங்கேயும் இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

நீந்தி வரவில்லை. மனிதர்கள் கொண்டுவந்து விட்டார்கள் என்பதுதான் பதில். யார் கொண்டுவந்தார்கள், எதற்காக, எப்படி? அணைகளுக்கும் இந்த மீனுக்கும் என்ன தொடர்பு? வந்த மீனுக்காக ஆறுகள் கொடுத்த விலை என்ன? ஊர்விட்டு ஊர் வந்து வாழ்கிற நமக்கு இந்த வரலாற்றில் யோசிக்கச் சில செய்திகள் உண்டு.

மீனும் ஈயும்

டிரவுட் குளிர்நீர் மீன். பத்திலிருந்து பதினைந்து பதினாறு டிகிரி வரையுள்ள நீர் அதற்குச் சுகம். இருபதைத் தாண்டினால் தவிக்கும், இருபத்தைந்தை நெருங்கினால் பிழைப்பது கஷ்டம். நீர் குளிர்ந்திருந்தால்தான் அதில் பிராணவாயு அதிகம் கரைந்திருக்கும் என்பது காரணம். முட்டையிடுவதற்குச் சுத்தமான சரளைக்கல் வேண்டும். கல்லிடுக்கில் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டல் படிந்தால் முட்டை மூச்சடைத்துச் செத்துப் போகும். ஆகவே ஓர் ஆற்றில் டிரவுட் தானாகப் பிறந்து வளர்கிறது என்றால், அந்த ஆற்று நீர் தெளிவாகவும் குளிர்ந்தும் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். பண்ணையில் பொரித்து ஆற்றில் விட்ட மீன் வேறு. ஆற்றிலேயே பிறந்த மீன் வேறு. பின்னதைத்தான் தூண்டில் பிரியர்கள் 'வைல்டு டிரவுட்' என்று மதிப்போடு சொல்கிறார்கள்.

இதைப் பிடிக்கிற முறையும் தனி. நம்ம ஊர்த் தூண்டிலுக்கு மண்புழு உண்டு, தக்கை உண்டு. தக்கை அமிழ்ந்ததும் சுண்டி இழுப்போம். டிரவுட் நீரில் பிறந்து மேலே பறக்கும் சிறு பூச்சிகளை விரும்பித் தின்பது. அந்தப் பூச்சி மாதிரியே இறகாலும் நூலாலும் முள்ளின் மேல் கட்டி, நீர்மேல் மெல்ல விழச் செய்து மீனை ஏமாற்றுவதற்குப் பெயர் 'ஃப்ளை ஃபிஷிங்'. ஈத்தூண்டில் என்று சொல்லிக்கொள்வோம். அந்தப் பொய் ஈக்கு எடையே கிடையாது. எறியும்போது கனமான நூல்தான் அதைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சாட்டை வீசுவதுபோல முன்னும் பின்னும் வீசி நூலை நீட்டுவதில்தான் பழக்கம் எல்லாம் இருக்கிறது.

இக்கலை பழையது. கி.பி. 200 வாக்கில் ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலும் சேவல் இறகும் சுற்றிய முள்ளால் மீன் பிடிப்பதை எழுதி வைத்திருக்கிறார். இங்கிலாந்தில் 1496இல் தூண்டில் பற்றிய நூல் அச்சேறிவிட்டது. ஐசக் வால்டனின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1653இல்.

இதில் நம் மலைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு பூசியதுபோல மினுங்கும் பொட்டு இருக்கும். நீரில் அது சிறு மீனின் கண்போலத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் கட்டிய பேர்போன ஈக்கள் பலவற்றில் இந்த இறகு இல்லாமல் வேலை நடக்காது. இறகு வியாபாரம் கட்டுமீறிப் போகவே, 1902இல் பிரிட்டிஷ் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. அங்கிருந்து மீன் இங்கே வந்து நிலைப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இங்கிருந்து இறகு அங்கே போய்விட்டது.

ஊர் ஏக்கம்

வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்கு ஏறியதும் செய்த வேலைகளைப் பாருங்கள். ஏரி வெட்டினார்கள். ஆங்கிலக் காய்கறி போட்டார்கள். ரோஜாத் தோட்டம் வைத்தார்கள். குளிரும் மூடுபனியும் சொந்த ஊரை நினைவூட்டின. ஓடைகளைப் பார்த்தால் ஸ்காட்லாந்து ஓடைகள் மாதிரியே இருந்தன. ஒரே ஒரு குறை, அவற்றில் டிரவுட் இல்லை.

தென்னிந்திய ஆறுகளில் தூண்டிலுக்கு மீனே இல்லை என்று சொல்ல முடியாது. மலையடிவார ஆறுகளில் மகசீர் என்ற பெரிய மீன் இருந்தது. சென்னை மாகாண அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் வெளியிட்ட 'தி ராடு இன் இந்தியா' என்ற நூலில் மகசீருக்குத்தான் முதல் மரியாதை. ஆனாலும் ஊர் ஏக்கம் என்பது பதிலுக்கு வேறு ஒன்றைக் கொடுத்தால் தீருகிற சமாச்சாரமா? டில்லியிலே எத்தனை விதமான சட்னி கிடைத்தாலும் நமக்குத் தேங்காய்ச் சட்னி வேண்டியிருக்கிறதே!

1863இல் ஃபிரான்சிஸ் டே என்பவர் இங்கிலாந்திலிருந்து பிரவுன் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றார். இவர் சென்னை ராணுவ மருத்துவத் துறையில் இருந்தவர். பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரும் நூல் எழுதியவர். அவர் முயற்சி பலிக்கவில்லை. சூயஸ் கால்வாய் திறக்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது. வெப்பக் கடலைக் கடந்து முட்டையை உயிரோடு கொண்டுவருவது லேசான காரியமில்லை. அந்தக் காலகட்டத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த டென்ச் போன்ற வேறு மீன்கள் ஊட்டி ஏரியில் பிழைத்துக்கொண்டன. டிரவுட் பிழைக்கவில்லை.

டே தோற்ற மறு வருஷமே உலகின் இன்னொரு மூலையில் வழி பிறந்தது. 1864 ஜனவரியில் 'நார்ஃபோக்' என்ற கப்பல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. ஜேம்ஸ் யூல் என்பவர் ஈரப்பாசியில் முட்டைகளைப் பொதிந்து, பெட்டிகளைப் பனிக்கட்டிக்கு நடுவே அடுக்கி அனுப்பியிருந்தார். குளிரில் முட்டைக்குள் கரு மெதுவாகத்தான் வளரும். அந்த அவகாசத்தில் கப்பல் கரை சேர்ந்துவிட வேண்டும் என்பது கணக்கு. மூன்று மாதம் கழித்து டாஸ்மேனியா சேர்ந்து, மே மாதத்தில் குஞ்சு பொரித்தது. உயிர் பிழைத்தவை சில நூறுதான். ஆனாலும் உலகின் தென்பாதியில் முதன்முதலில் நிலைத்த டிரவுட் குடும்பம் அதுவே. பாசியும் பனிக்கட்டியும் இருந்தால் மீனை எங்கும் கொண்டுபோகலாம் என்ற நம்பிக்கை வந்துவிட்டது.

இலங்கை வழியாக வந்த அமெரிக்கன்

நீலகிரியில் வேட்டைப் பிரியர்கள் 1877இல் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879இல் வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் பாதுகாப்புச் சட்டமே வந்தது. அந்தச் சங்கம் பெயர் மாறி, இன்று காட்டுயிர், சுற்றுச்சூழல் சங்கமாக இருக்கிறது. ஆனால் ஓடைகளில் டிரவுட் நிலைப்பதற்கு 20ஆம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

அதற்குள் இலங்கைத் தோட்டக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். 1880களில் நுவரெலியா மலையில் முதலில் பிரவுன் டிரவுட்டும் பிறகு ரெயின்போ டிரவுட்டும் வந்து சேர்ந்தன. பிரவுன் அங்கே சரியாகப் பெருகவில்லை. ரெயின்போ ஹார்ட்டன் சமவெளி ஓடைகளில் தானாகவே முட்டையிட்டுப் பெருகியது. சற்றே கூடுதலான வெப்பத்தையும் தாங்கிக்கொள்வது அதன் பலம். 1906இல் எச். சி. வில்சன் என்ற மீன்வளர்ப்பு நிபுணர் நீலகிரிக்கு வந்தார். இலங்கையிலிருந்து ரெயின்போ வந்தது. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. அதே ஆண்டில்தான் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் பொறுப்பில் சென்னை மாகாண மீன்வளத் துறையும் தொடங்கியது. இப்படியாக, டே தோற்று நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, நீலகிரி ஓடைகளில் டிரவுட் குடியேறியது. மூணாறு மலைகளிலும் தேயிலைத் தோட்டத்துரைமார் தங்கள் பங்குக்கு டிரவுட் வளர்த்தார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. ரெயின்போ டிரவுட் இங்கிலாந்து மீனே கிடையாது. அதன் பிறப்பிடம் வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையும் ருஷ்யாவின் கம்சட்காவும்! 1870களில் கலிஃபோர்னியாவிலிருந்து அதன் முட்டைகள் பல தேசங்களுக்குப் புறப்பட்டன. இங்கிலாந்துக்காரர் தம் ஊர் ஆற்றை நினைத்து ஏங்கி, நீலகிரியில் கொண்டுவந்து விட்டது கடைசியில் ஓர் அமெரிக்க மீனை. ஊர் ஏக்கத்துக்கு அசலும் நகலும் பெரிய விஷயமில்லை போலிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் படிக்கிற பதிவுகளில் துரைமார் பெயர்கள்தான் இருக்கின்றன. குஞ்சு நிறைந்த பாத்திரங்களை மலைச்சரிவில் சுமந்து ஏறியவர்களின் பெயர்களை எங்கே தேடுவது? அந்த ஆறுகள் யாருக்கும் சொந்தமற்றுக் கிடந்தவையும் அல்ல. தோடர்கள் பைக்காரா ஆற்றையும் அவலாஞ்சி ஆற்றையும் தெய்வமாகவே வணங்கினார்கள். அவற்றைக் கடப்பதற்கே விதிகள் வைத்திருந்தார்கள். இதை விரிவாகப் பதிவு செய்த ரிவர்ஸ் என்ற ஆய்வாளரின் 'தி தோடாஸ்' நூல் வெளிவந்த ஆண்டும் 1906தான். தெய்வமாக இருந்த ஆறு அதே வருஷம் மீன்தொட்டியாகவும் ஆயிற்று.

காஷ்மீரும் குலுவும்

வடக்கே கதை இன்னும் சுவாரசியம். 1899இல் பெட்ஃபோர்டு பிரபு காஷ்மீருக்காகப் பத்தாயிரம் முட்டைகள் அனுப்பினார். வழியிலேயே எல்லாம் அழிந்தன. மறு ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து இரண்டாவது தவணை பிழைத்து வந்து சேர்ந்தது. ஸ்ரீநகரில் தரைவிரிப்பு ஆலை வைத்திருந்த ஃபிராங்க் மிட்செல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அவற்றைப் பிள்ளைபோல் வளர்த்தார். மகாராஜா பிரதாப் சிங்கின் ஆட்சி ஆதரவு கொடுத்தது. ஹர்வான், டாச்சிகாம் பக்கத்து நீரில் தொடங்கி, பள்ளத்தாக்கின் ஓடைகளில் பிரவுன் டிரவுட் பரவியது.

காஷ்மீர் முட்டைகள் 1909இல் குலுவுக்குப் போயின. ஹோவெல் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி கட்ராயின் அருகே மஹிலியில் பொரிப்பகம் வைத்து, பியாஸ் ஆற்றிலும் அதன் துணையாறுகளிலும் குஞ்சுகளை விட்டார். தீர்த்தன், சைஞ்ச், ஊல் என்று இன்று நாம் சுற்றுலாப் போகிற ஆறுகளில் துள்ளுகிற டிரவுட்டின் மூதாதையர் இவைதான். ஆங்கிலேயர் போன பின்பும் மீன் தங்கிவிட்டது. மாநில மீன்வளத் துறைகள் பண்ணைகளை எடுத்து நடத்தின; அனுமதிச்சீட்டு, பிடிக்கலாகாத குளிர்மாதங்கள் என்று விதிகள் தொடர்ந்தன.

அணை கொடுத்ததும் எடுத்ததும்

இப்போது அணைக்கு வருவோம். அணை என்றாலே மீனுக்குக் கேடு என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் டிரவுட் விஷயத்தில் அணை சில இடங்களில் ஆற்றையே உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது.

ஆழமான நீர்த்தேக்கத்தில் கோடையில் மேல்நீர் சுடும், அடிநீர் குளிர்ந்தே இருக்கும். வண்டலெல்லாம் அடியில் படிந்துவிடும். மின்சாரம் எடுக்க அணையின் ஆழத்திலிருந்து நீரைத் திறக்கும்போது, கீழே ஓடுகிற ஆறு கோடையிலும் குளிராகவும் கண்ணாடிபோலவும் இருக்கும். வெப்பமான பிரதேசத்தில்கூட அப்படி ஒரு டிரவுட் ஆறு பிறந்துவிடும்.

இதற்கு அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ரெட் ஆறு நல்ல உதாரணம். அங்கே டிரவுட் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கிரீர்ஸ் ஃபெர்ரி அணையை 1963 அக்டோபர் 3ஆம் தேதி ஜனாதிபதி கென்னடி அர்ப்பணித்தார். ஏழு வாரத்தில் அவர் சுடப்பட்டு இறந்தார். அணைக்குக் கீழே குளிர்நீர் பாய்ந்ததால், வெதுவெதுப்பான நீரில் வாழ்ந்த உள்ளூர் மீன்கள் ஒதுங்கின. இழப்பீடாக அரசு மீன் பண்ணை அமைத்து டிரவுட்டை விட்டது. 1970களில் ஈத்தூண்டில் அன்பர்கள் பிரவுன் டிரவுட் முட்டைகளை ஆற்றுச் சரளையில் வைத்தார்கள். அவை பெருகித் தாமாகவே வாழும் கூட்டமாயின. 1992 மே மாதம் அந்த ஆற்றில் பிடிபட்ட ஒரு பிரவுன் டிரவுட் 18 கிலோவுக்கு மேல்! 2009 வரை உலக சாதனை அதுதான்.

ஆனால் அந்த ஆற்றின் சாவி மின்நிலையத்தில் இருக்கிறது. மின்சாரத் தேவை ஏறினால் நீர் திடீரென்று உயரும், முழங்கால் அளவில் நிற்பவன் கரைக்கு ஓட வேண்டும். தேவை குறைந்தால் ஆறு வற்றும். சில மாதங்களில் அடிநீரில் பிராணவாயு குறைந்து மீன் திணறுவதும் உண்டு. அணை ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் எந்த நேரமும் எடுத்துக்கொள்ளும்.

நம் மலைகளில் கணக்கு வேறு. நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கியது. கோவை ஆலைகள் ஓடியது அந்தக் கரண்டில்தான். 1938இல் முக்கூர்த்தி அணை. 1950களில் கனடா உதவியுடன் குந்தா திட்டம் தொடங்கி, அவலாஞ்சி, எமரால்டு, மேல் பவானி என்று அணைகள் எழுந்தன. வில்சன் மீன் விட்ட ஓடைகள் பல ஏரிகளாகிவிட்டன. நீர் குகைவழியாக ஒரு மின்நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனது. டிரவுட் மேலே ஒதுங்கி, முக்கூர்த்தி, மேல் பவானி நீர்த்தேக்கங்களிலும் அவற்றில் வந்து விழும் ஓடைகளிலும் வாழ்ந்தது. கூடவே புல்வெளிகளில் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டார்கள். சோலையும் புல்வெளியும் சுருங்கின. முக்கூர்த்தி 1982இல் சரணாலயமாகி, 1990இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே காப்பது வரையாட்டையும் சோலையையும். தூண்டிலுக்கு இடமில்லை.

இமயத்தில் பெரும்பாலான திட்டங்கள் ஆற்றைத் தேக்கி, சுரங்கத்தில் திருப்பி, பல கிலோமீட்டருக்கு அப்பால் விடுகிற வகை. நடுவே கிடக்கிற ஆற்றுப் படுகையில் கல்தான் மிச்சம். அங்கே அணை டிரவுட்டுக்கு எதுவும் கொடுப்பதில்லை. கீழே பியாஸில் கட்டிய போங், பாண்டோ அணைகள், முட்டையிட மேலேறி வரும் மகசீரின் பாதையையும் அடைத்துவிட்டன.

ஒண்ட வந்த பிடாரியா?

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிற்றாம் என்பார்கள். டிரவுட்டுக்கு அது பொருந்துமா? ஓரளவு பொருந்தும். இமய ஆறுகளின் சொந்தக் குடி 'ஸ்னோ டிரவுட்' என்று ஆங்கிலேயர் பெயர் வைத்த மீன். அது டிரவுட்டே இல்லை, நம் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சொந்த ஆற்றிலேயே அதற்கு வந்தவன் பெயர்! பிரவுன் டிரவுட் மீன் தின்னி. இடத்துக்கும் இரைக்கும் போட்டி போடுவதோடு சிறு மீன்களையும் விழுங்கும். தெற்கே காவிரிப் படுகைக்கே உரிய திமிலுள்ள மகசீரை, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் மிக அருகிய இனமாக அறிவித்தது. அதற்கு டிரவுட் காரணமில்லை. அணைகளும், வெடிவைத்துப் பிடித்ததும், வேறிடத்து மகசீரைப் பண்ணையில் பொரித்து அதே ஆற்றில் விட்டதும் சேர்ந்து செய்த வேலை அது. நூற்றைம்பது வருஷமாக வெளிமீனுக்கு நாம் காட்டிய அக்கறையில் பாதி இதற்குக் கிடைத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

மறுபக்கமும் உண்டு. குலு மாவட்டத்துத் தீர்த்தன் ஆற்றில் நீர்மின் திட்டங்கள் வேண்டாம் என்று 2000களில் உள்ளூர் மக்கள் போராடி, நீதிமன்றம் வரை போனார்கள். கடைசியில் அந்த ஆறு திட்டங்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் டிரவுட்டும் ஒன்று. இந்த மீன் இருக்கிறது, இதைப் பார்க்கவும் பிடிக்கவும் ஜனங்கள் வருகிறார்கள், ஊருக்குப் பிழைப்பு இருக்கிறது என்பது மன்றத்தில் எடுபட்ட வாதம். அந்த ஆற்றின் மேற்பகுதி பாயும் பெரிய இமாலயத் தேசியப் பூங்கா 2014இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாயிற்று. அங்கே தீர்த்தனில் ஓடுகிற நீர் ஸ்னோ டிரவுட்டுக்கும் சேர்த்துத்தான் ஓடுகிறது. வந்த விருந்தாளி வீட்டுக்காரனுக்காகச் சாட்சி சொன்ன கதை இது.

நாமும் ஊரிலிருந்து எதையெதையோ கொண்டுவந்திருக்கிறோம். பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி, வாசலில் கோலம், மார்கழியில் பஜனை. இவற்றால் யாருக்கும் தீங்கில்லை. தொட்டியில் வைப்பதும் ஆற்றில் விடுவதும் ஒன்றாகாது. தொட்டிச் செடியை நாளைக்கே எடுத்துவிடலாம். ஆற்றில் விட்ட மீனை யாரும் திரும்ப எடுக்க முடியாது. இன்றும் வீட்டு மீன்தொட்டி அலுத்துப் போனதும் அந்த மீன்களைப் பக்கத்து ஏரியிலோ யமுனையிலோ கொட்டுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பாவம் பார்த்துச் செய்வதுதான் அது. ஆனால் டே முதல் ஹோவெல் வரை எல்லோரும் செய்த அதே காரியம்தான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

அடுத்த கோடையில் தீர்த்தனுக்கோ பாரோட்டுக்கோ போகிறவர்கள், கரையில் யாராவது ஈத்தூண்டில் வீசுவதைக் கண்டால் நின்று பாருங்கள். பார்க்க அழகான கலை அது. பார்த்துவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், "டிரவுட் வர்றதுக்கு முன்னாடி இந்த ஆத்துல என்ன மீன் இருந்துச்சு? உங்க பாஷையில அதுக்கு என்ன பேரு?" என்று ஹிந்தியில் கேட்டு வாங்கி எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெயரை அவரோடு சேர்ந்து இன்னும் எத்தனை பேர் சொல்வார்கள் என்பதையும் கூடவே கேளுங்கள்.